பதினெட்டாவது ஸ்லைடில் கடலைமிட்டாய்

கோவில்பட்டிப் பக்கத்துக் கடலைமிட்டாய் அண்ணாச்சியைச் சரக்கு விஷயத்தில் யாரும் ஏமாற்றிவிட முடியாது. மூட்டைக்குள் கைவிட்டு நாலு கடலையை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்தால் போதும். கரிசக்காட்டுக் கடலையா வெளியூர்ச் சரக்கா, எத்தனை மாதம் கிடங்கில் தூங்கியது என்று சொல்லிவிடுவார். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்க்காமல் கடலையைக் கொட்ட விடமாட்டார். இப்பேர்ப்பட்ட மனுஷர், கடையை ஆன்லைனில் எப்படிக் காட்டுவது என்ற பேச்சு வந்தால் மட்டும் பதமும் பார்ப்பதில்லை, ஊதியும் பார்ப்பதில்லை. கடைசியாக யார் வந்து பேசிவிட்டுப் போனார்களோ அவர்கள் சொன்னதே முடிவு.

இது நேற்று வந்த வியாதி இல்லை. வெப்சைட் என்றாலே ஃபிளாஷ் என்றிருந்த காலத்தில், எதிர்த்த கடைக்காரர் ஒன்று போட்டார் என்பதற்காக இவரும் போட்டார். திறந்ததும் ஒரு கடலை உருண்டு வரும். நாதஸ்வரம் ஒலிக்கும். கடலை இரண்டாகப் பிளந்து கடையின் பெயர் எழும்பும். இத்தனையும் பொறுமையாகப் பார்த்து முடித்தவருக்குக் கிடைப்பது ஒரு முகவரியும் லேண்ட்லைன் நம்பரும். 2020 டிசம்பரோடு அடோபி நிறுவனமே ஃபிளாஷுக்கு மூடுவிழா நடத்திவிட்டது; கடலை உருள்வதும் நின்றது. அண்ணாச்சிக்கு அது தெரியவந்தது அடுத்த ஆயுதபூஜைக்கு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போதுதான்.

நடுவில் ஆர்குட்டிலும் இருந்தார். 2014-இல் அது போனது. டிக்டாக்கில் மிட்டாயைக் கடித்து ‘கடக்’ சத்தம் கேட்க வைத்தார். 2020 ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, ஆடிப் பாடிக் கொண்டாடுவோம் என்று கிளம்புவதற்குள் ஜூனில் டிக்டாக்கையே தடை செய்துவிட்டார்கள். “நாம எங்க போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கம்பெனிக்கு ஆகமாட்டேங்குது தம்பி” என்று அண்ணாச்சி உண்மையான வருத்தத்தோடு சொல்வார்.

ஆனால் அவருடைய முழுப் பரிமாணமும் வெளிப்பட்டது, சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்து, “உங்க கம்பெனி பத்தி ஒரு பிரசன்டேஷன் அனுப்புங்க சார்” என்ற அன்றுதான். அன்று மாலையே கடைக்குப் பின்னால் மாநாடு கூடியது.

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மாப்பிள்ளை, “பி.பி.டி.தான் மாமா புரொபஷனல்” என்றார். மாப்பிள்ளை சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? நாற்பது ஸ்லைடு தயாரானது. முதலில் பிள்ளையார். அடுத்தது செண்பகவல்லி அம்மன். பிறகு தாத்தா, தாத்தாவின் சைக்கிள், அப்பா, அப்பா மந்திரிக்குச் சால்வை போர்த்தும் படம், மாப்பிள்ளையின் ஆலோசனைப்படி ‘விஷன்’, பிறகு ‘மிஷன்’. கடலைமிட்டாய் தலைகாட்டுவது பதினெட்டாவது ஸ்லைடில். அதுவும் நேராக வராது. எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து உட்காரும்.

பவர்பாயின்ட் 1987-இல் பிறந்ததே, ஒருவர் நாலு பேர் முன்னால் நின்று பேசும்போது பின்னால் படம் காட்டத்தான். பேச ஆளில்லாமல் ஃபைலை மட்டும் அனுப்பினால் அது பாதி ஊமை. வாங்குகிறவருக்கு வேண்டியது என்ன? பாக்கெட் எத்தனை கிராம், ஒரு பெட்டியில் எத்தனை பாக்கெட், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் நம்பர், விலை. இரண்டு பக்கத்தில் அடங்குகிற சங்கதி. இதை மெதுவாக எடுத்துச் சொன்னவர் கணக்குப்பிள்ளை ஒருவர்தான். அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டார்கள்.

விலை மட்டும் எந்த ஸ்லைடிலும் இல்லை. கேட்டதற்கு அண்ணாச்சி பதறிப்போனார். “விலையப் போட்டா எதிர்த்த கடைக்காரரு பாத்துருவாருல்லா?”

ஃபைல் சென்னைக்குப் போனது. அங்கே திறந்தபோது தாத்தாவின் வரலாறு முழுவதும் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கமாவுமாகக் கலைந்து கிடந்தது. இங்கே அடித்தது யூனிகோடுக்கு முந்தைய ஒரு பழைய தமிழ் எழுத்துருவில். அந்த எழுத்துரு மேனேஜரின் கம்ப்யூட்டரில் இல்லை. “அப்பா, பி.டி.எஃப். ஆக்கியிருந்தா எழுத்துருவும் கூடவே போயிருக்கும்” என்றான் மகன். சரியான பேச்சு. ஆனால் அதற்குள் கல்யாண வீடியோ எடுக்கும் பையன் ஒருவன் கடையேறி வந்துவிட்டான். “பி.டி.எஃப்.பை யாரு அண்ணாச்சி படிக்கா? வீடியோ போடுங்க. ட்ரோன் விட்டு எடுப்போம்.”

ட்ரோன் பறந்தது. மேலிருந்து பார்த்தால் கடையின் தகரக் கூரையும், பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த வத்தலும் துல்லியமாகத் தெரிந்தன. பின்னணியில் ஒரு சூப்பர்ஸ்டார் பாட்டு. யூடியூபில் ஏற்றியதும் காப்புரிமைக்காரர்கள் வாயைப் பொத்திவிட்டார்கள். வாட்ஸப்பில் அனுப்பியதில் வீடியோ சுருங்கி மங்கி, மிட்டாய் எது, செங்கல் எது என்று தெரியவில்லை. டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது என்று மகன் சொல்ல வாயெடுத்தான். மாப்பிள்ளை வீடியோ காலில் இருந்ததால் மரியாதைக்கு நிறுத்திக்கொண்டான்.

இதற்கிடையே கணக்குப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். ரெண்டு கிலோ மிட்டாயைப் பெட்டியில் கட்டி, மேலே விலைப்பட்டியல் ஒன்றை வைத்து, சென்னைக்கு பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. மாதம் ஐம்பது பெட்டி. அண்ணாச்சி மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, “பாத்தியளா, ட்ரோன் வேலை செஞ்சிருச்சு!” என்றார். கணக்குப்பிள்ளை பேரேட்டில் பார்சல் செலவை எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

சேதி தெருவுக்குள் பரவ வெகுநேரம் ஆகவில்லை. எதிர்த்த கடைக்காரர் அந்தக் கல்யாண வீடியோப் பையனைக் கூப்பிட்டு, ரெண்டு ட்ரோன் விட்டால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்திருக்கிறார்.