தொட்டாலும் சிணுங்காத கேமரா

ஏலே பேராண்டி, கேமரா வாங்க யோசனை கேட்டு என்கிட்ட வந்தே பாரு, அங்கனதான் நீ பொழைச்ச. கடைக்காரன்கிட்ட கேட்டா அவனுக்கு எது தேங்கிக் கெடக்கோ அதைச் சொல்லுவான். உன் கூட்டாளிமாருகிட்ட கேட்டா அவனுவ எதை வாங்கிட்டு முழிக்கானுவளோ அதைச் சொல்லுவானுவ, தொணைக்கு ஆள் வேணும்லா. எனக்கு விக்கவும் ஒண்ணுமில்ல, முழிக்கவும் ஒண்ணுமில்ல. கல்யாண வீடு கல்யாண வீடா யாஷிகாவைத் தூக்கிட்டு அலைஞ்ச ஆளு நான். ஒரு ரோலுக்கு 12 படம். கடைசிப் படத்துல மாப்பிள்ளை கண்ணை மூடிட்டாம்னா, மூடின கண்ணோடதான் இன்னைக்கும் சுவத்துல தொங்குதான்.

நீ போனுல காட்டுத பொட்டி கேனான் ஆர் 100. 2023 மே மாசம் வந்தது. பேட்டரி, கார்டு எல்லாம் சேத்து 356 கிராம். கூட வார 18-45 லென்ஸை மாட்டினாலும் அரைக்கிலோ வராது. சோத்துத் தட்டைக் கழுவி வைக்கவே கை வலிக்குங்குத உனக்குத் தோதான எடைதான். உள்ளுக்க கண்ணாடி இல்லாத சாதி. பழைய எஸ்எல்ஆர்ல பட்டனை அமுக்கினா ஒரு கண்ணாடி டப்புனு எந்திரிச்சு வழி விடணும், அப்புறந்தான் வெளிச்சம் ஃபிலிமுக்குப் போவும். அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிஞ்சு 2008-ல பானாசோனிக்காரன் ஜி1 கேமராவை விட்டான். அன்னையில இருந்து பொட்டி சுருங்கிக்கிட்டே வருது. சுருங்கினது பொட்டிதான், படம் சுருங்கல.

சரி, இதைக் கையில வாங்கினதும் நீ என்ன செய்வேன்னு நான் சொல்லுதேன். பொறத்தால இருக்க திரையைத் தொடுவ. ஒண்ணும் நடக்காது. இன்னொருக்கா அமுக்கித் தொடுவ. உன் விரல் ரேகை விழும். பத்திர ஆபீஸ் வேலைக்கு ஆவும், படத்துக்கு ஆவாது. ஏன்னா இதுல தொடுதிரை கெடையாது. திரை மடங்காது, திரும்பாது, அசையாது. தரையோட தரையா ஆட்டுக்குட்டியை எடுக்கணும்னா நீயும் மண்ணுல படுக்கணும். படுத்தாலும் மனுசன் கண்ணைத்தான் தேடிப் பிடிக்கும். ஆட்டுக்கண்ணை அதுக்குத் தெரியாது.

இதுல வேடிக்கை என்னன்னா, 2018-ல இதே கேனான்காரன் எம் 50-ன்னு ஒண்ணு விட்டான். அதுலயும் 24.1 மெகாபிக்சல், அதே டிஜிக் 8 மூளை. ஆனா திரையைத் தொடலாம், எந்தப் பக்கம்னாலும் திருப்பலாம். அஞ்சு வருசம் கழிச்சு வந்த இதுல அதைக் காணோம். அண்ணன் சட்டையில பையை அறுத்துட்டுத் தம்பிக்குப் போட்டுவிட்ட மாதிரி இருக்கு. ஏன் அறுத்தாங்குத? இதுக்குச் சித்த முந்தி, அதே 2023 பிப்ரவரியில, ஆர் 50-ன்னு ஒண்ணை எறக்கிட்டான். அதுல தொடுதிரை உண்டு, திருப்பலாம், 4கே வீடியோ முழுசா வரும், நாய், பூனை, பறவையையும் அடையாளம் தெரியும். அம்புட்டையும் மலிவுப் பொட்டியிலயே குடுத்துட்டா அதை எவன் வாங்குவான்? யாவாரம்டே.

அட்டையில 4கேன்னு இதுக்கும் போட்டிருப்பான். நம்பிடாத. 4கேயில அமுக்கினா ஓரம் நாலும் வெட்டுப்பட்டு நடுவாந்திரம் மட்டுந்தான் வரும். மதினிமாரு ரெண்டு பேரு படத்துக்கு வெளிய நிப்பா. அதுக்கு வாங்குத ஏச்சை நீதான் வாங்கணும். ஃபோக்கஸும் முன்னயும் பின்னயும் துழாவிக்கிட்டே கெடக்கும். உனக்கு வீடியோதான் ஆசைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுருவோம். அப்புறம் பேட்டரியைக் கழத்தித் தனிச் சார்ஜர்லதான் போடணும். போன் வயரைச் சொருவிட்டுக் குறட்டை விட முடியாது.

என்ன, மொகம் தொங்கிப் போச்சு? இம்புட்டு வஞ்சும் நான் வேண்டாம்னு சொல்லலலே.

அதோட தலைமாட்டுல ஒரு வியூஃபைண்டர் இருக்கு பாத்தியா? நிக்கான் இசட் 30-ல அது கெடையாது. உச்சி வெயில்ல கரிசக்காட்டுல நின்னு திரையைப் பாத்தா உன் மூஞ்சிதான் தெரியும். அதைப் பாக்கதுக்கு எதுக்குச் செலவு? கண்ணை வச்சுப் பாக்கவனுக்கு வெயிலும் ஒண்ணுதான், நெழலும் ஒண்ணுதான். பொட்டியை நெத்தியில முட்டுக்குடுத்து, முழங்கையை விலாவுல ஒட்டிக்கிட்டா கையும் ஆடாது. திரையைத் தொட முடியாதவன் வேற வழியில்லாம கண்ணை வப்பான். கேனான்காரன் காசு மிச்சம் பிடிச்சதுல உனக்குத் தொழில் படிஞ்சுரும்.

இனிமே வெளிச்சத்துக்கு வருவோம். உள்ள இருக்க சென்சார் 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர், உன் போன்ல இருக்கதைவிடப் பல மடங்கு பெருசு. ஆனா கூட வார லென்ஸ் இருக்கே, இழுத்துப் பிடிச்சா எஃப் 6.3. பகல்ல குத்தம் சொல்ல முடியாது. ராத்திரிக் கொடையில சாமியாடி துள்ளும்போது இதைத் தூக்கினேன்னு வையி, சாமியாடியும் கலங்கிப் போவாரு, படமும் கலங்கிப் போவும். உன் போன் ஒரு தட்டுக்குப் பல படம் எடுத்து ஒண்ணாக் கோத்து, சுத்தமா ஒண்ணைக் காட்டும். அந்தக் கள்ளனை இந்த லென்ஸை வச்சு இருட்டுல செயிக்க முடியாது.

அப்ப எதை வச்சு? கணக்கைக் கேளு. அமெரிக்காவுல வந்தப்ப லென்ஸோட ஆர் 100 600 டாலர், ஆர் 50 800 டாலர். இடையில 200. கேனானோட ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் 2020-ல வந்தப்ப அதுவும் 200 டாலர்தான். நம்மூரு விலையை நீ கடையில கேட்டுக்க. ஆனா அந்த வித்தியாசத்துக்கு விரலுக்குத் திரை வாங்குதியா, கண்ணுக்கு லென்ஸ் வாங்குதியாங்கிறதை வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போ. எஃப் 6.3-ல வார வெளிச்சத்தைப் போல 12 மடங்கு எஃப் 1.8-ல வரும். அந்த லென்ஸ் 160 கிராம். இந்தப் பொட்டியில மாட்டினா 80 எம்எம் கணக்குக்கு நிக்கும். மொகம் எடுக்க அதுதான் அளவு, மூக்கும் வீங்காது, காதும் ஒளியாது. ஆட்டம் தாங்குத வசதி அந்த லென்ஸ்லயும் இல்ல, பொட்டியிலயும் இல்ல. முழங்கையைப் பத்திச் சொன்னேன்லா, அது இதுக்குத்தான். குடும்பத்தையே நிக்க வச்சு எடுக்கணும்னா இதை மாட்டிக்கிட்டு நீ தெருமுக்குக்குப் போவணும். அதுக்கு அந்த 18-45 வீட்டுல கெடக்கட்டும். 2024-ல சிக்மாக்காரன் 18-50 எஃப் 2.8-ன்னு ஒண்ணு இந்தப் பொட்டிக்கும் போட்டிருக்கான். நல்ல சாமான். விலை பொட்டியோட மல்லுக்கட்டும். மாமனாரு வீட்டுல கேட்டுப்பாரு.

ஸ்டேட்டஸ்ல போடத்தான் படம் வேணும்னா உன் போனே போதும், காசை உங்க ஆத்தாகிட்ட குடு. கண்ணை வச்சுப் பாக்க மாட்டேன், தொட்டுத்தான் எடுப்பேன்னா ஆர் 50. கண்ணை வப்பேன்னா ஆர் 100-ம் அந்த 50 எம்எம்-மும். எதுல விழுதேன்னு நீயே சொல்லு.

ஏன் அந்த 50 எம்எம்முலயே நிக்கேன்னு கேக்கியா? ஏலே, போன மாசம் மேலத்தெருக் கிழவன் போனப்ப கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாத்தியா? நல்ல படம் ஒண்ணு வீட்டுல கெடையாது, ஆதார் கார்டுல இருந்ததைப் பெருசு பண்ணி ஒட்டிட்டானுவ. களவாணிப் பயலைத் தேடுத நோட்டீஸுன்னு நெனைச்சு பஸ்ஸுல போறவன்லாம் எட்டிப் பாக்கான். ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாணப் படம் எடுத்தவன் நான். எனக்கு அந்தக் கெதி வரலாமா? பின்னால மங்கலா, மொகம் மட்டும் பளிச்சுனு ஒண்ணு வேணும். வெள்ளை வேட்டியைத் தொவைக்கப் போட்டிருக்கேன். கடைக்கு வெள்ளிக்கெழமையே போயிருவோமா?