கொழுந்துக்கும் வந்தது காவல்

மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26-இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் உயிர்நாடி என்று அது 11 துறைகளைச் சொல்கிறது. வங்கி, தற்காப்பு, மின்சக்தி என்று நீளும் அந்த வரிசையில் வேளாண்மையும் தோட்டத்துறையும் உண்டு! கேமரன் மலைத் தேயிலைக் கொழுந்துக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

1929-இல் ஜே.ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், கிராணியின் செக்ரோல் புத்தகத்தைத் திருட நினைப்பவன் கேமரன் மலை ஏறியாக வேண்டும். பாதி வளைவிலேயே வாந்தி எடுத்துத் திரும்பியிருப்பான். இன்று ஒரு போலி இன்வாய்ஸ் மின்னஞ்சல் போதும், வளைவே இல்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறான்.

அப்படி ஊடுருவல் நடந்தால், சட்டப்படி 6 மணி நேரத்துக்குள் முதல் விவரம் தர வேண்டுமாம். தெரிவிக்காவிட்டால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்த 6 மணி நேரத்தில்தான் மழை வரும், லைன் போகும், பாஸ்வேர்டு தெரிந்த ஒரே பையன் ஈப்போவுக்குப் போயிருப்பான்.

எல்லாத் தோட்டமும் இந்தச் சட்டத்தில் சிக்காது. பெயர் குறிக்கப்பட்ட நிறுவனங்கள் மட்டுமே. மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்தப் பட்டியலை ஹேக்கருக்கு யாரும் அனுப்பவில்லை என்பதுதான் சங்கடம்.

அலுவலகத்தில் இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறதா? அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. முதலாளிமார்களே, சம்பளக் கணக்குக்கு ஒரு பேக்கப் எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே வையுங்கள். அது திறக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.