நாய்க்குத் தடையோட்டம்: கோட்டுகால் முறை

முதலில் நாய் வேண்டும். கேரளக் கடலோரத்துக் கோட்டுகாலில் இதற்குக் காசு செலவில்லை. சாளை வெட்டிய தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். வருகிறவற்றில் எது அதிகாரமாக நடக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டில் இந்த விளையாட்டில் பார்டர் கோலிகள்தான் கொடிகட்டிப் பறக்கின்றன. எல்லையோரப் பாறசாலைப் பக்கத்து நாட்டுநாயும் பார்டர்தான், தைரியமாக இறங்கலாம்.

1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டம் எழுந்து போய்விடக் கூடாதே என்று, குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து நாய்களுக்கும் ஒரு தடையோட்டம் வைத்தார்கள். இடைவேளைச் சரக்கு முழுநேர விளையாட்டாகிவிட்டது. இன்று அதற்கு நடுவர் உண்டு, சென்டிமீட்டர் கணக்கில் சர்வதேச விதி உண்டு.

சுரங்கத்துக்கு விதிப்படி 60 செ.மீ. விட்டம். 200 லிட்டர் நீல டிரம் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆசிட் இருந்த டிரம் வேண்டாம். இரண்டு முனையையும் அறுத்து, விளிம்பை ராவி, உருளாமல் செங்கல் முட்டுக் கொடுங்கள். முதல் நாள் நாய் நுழையாது. உள்ளே ஒரு துண்டு மீன் வையுங்கள், பூனை நுழையும். பூனைக்குப் பின்னால் நாய் நுழையும். சுரங்கப் பாடம் முடிந்தது.

அடுத்தது வளைந்தோடும் கம்பு வரிசை. 12 கம்பு, இடைவெளி 60 செ.மீ.; முதல் கம்பு நாயின் இடது தோளுக்குப் பக்கத்தில் வர வேண்டும். கடையில் கேட்டால் விலை சொல்வார்கள். உங்கள் விளையில் மரச்சீனிக் கம்பு சும்மா கிடக்குமே என்று கை துறுதுறுக்கும். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியபோது இந்தப் பயன் அவர் நினைவில் இருந்திருக்காது. ஆனால் ஒரு மழை பெய்தால் மைதானம் துளிர்த்துவிடும். மரச்சீனிக்கு மூட்டுக்கு மூடு 75 முதல் 90 செ.மீ. வேண்டும், நாய்க்கோ 60தான். இரண்டில் ஒன்றுதான் உருப்படும். போதாததற்குப் பச்சை மரச்சீனியில் சயனைடு விஷம் உண்டு. கம்பைக் கடிக்காத நாயை நான் பார்த்ததில்லை. பிவிசி பைப்பையே வெட்டி நடுங்கள்.

சாய்வுப் பலகை, சீசா இரண்டையும் வீட்டில் செய்யப் புறப்பட வேண்டாம். அது ஆசாரி வேலை. சறுக்கினால் நாயின் தோள் போகும்.

தாண்டு கம்பி தட்டினால் விழ வேண்டும். ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். ஒன்றரை வயது ஆகும்வரை உயரம் வைக்கவே கூடாது, எலும்பு முற்றியிருக்காது. கம்பியைத் தரையில் கிடத்தி நடக்க விடுங்கள், போதும். இதை வேலிக்கு அப்பாலிருந்து பார்க்கும் அக்கா கட்டாயம் கேட்பார்: “மக்கா, இதுக்குச் சாடப் படிப்பிக்கணுமாக்கும்? நேத்து எங்க மதிலைச் சாடிக் கோழியைக் கொண்டுபோச்சே, அது ஆரு?” பதில் சொல்லாதீர்கள். கோழிக்கான காசை எடுத்து வையுங்கள்.

கட்டளை ஒன்றாக இருக்கட்டும். அப்பா ‘சாடு’ என்பார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ‘ஜம்ப்’ என்பாள், சித்தி ‘தாண்டு’ என்பார். மூன்றையும் கேட்ட நாய் படுத்துவிடும். நியாயமான முடிவு.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். போட்டி விதிப்படி நாயைத் தொடக்கூடாது, கையில் தீனி கூடாது. குரலாலும் கையசைவாலும் வழிகாட்டிக்கொண்டே நீங்களும் கூட ஓட வேண்டும். நாய்க்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரியும். படிக்க வேண்டியவர் வேட்டியை மடித்துக் கட்டிய நீங்கள்தான். நீங்கள் முன்னால், நாய் பின்னால் ஓடுவதைப் பார்த்து ஊர் கம்போடு வரும். வந்தவர்களை வரிசையில் நிறுத்தி நாயை வளைந்தோடச் சொல்லலாம், பைப் மிச்சம்.

காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். நாய்க்கு மேலெல்லாம் வேர்க்காது. இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும், நம் கடலோரப் புழுக்கத்தில் அது எளிதில் நடக்காது.

விளையாட்டில்லாத ஒரு வார்த்தை. கேரளத்தில் 1998-ம் ஆண்டு விதிப்படி நாய் வளர்க்கப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும். டிரம் வாங்கப் போகும் முன் நாயை மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.