மொட்டை மாடியில் ஓர் உலை

மண்ணூர்பேட்டையில், எம்.டி.எச். சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்தளத்தில் குடித்தனக்காரர், அதே எஸ்டேட்டில், பழைய ஷெட்டை இடித்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை. கூப்பிடு தூரத்தில் இத்தனை உலைகள் இருக்க, மொட்டை மாடியில் புதிதாக ஒன்று முளைத்ததுதான் விவகாரம்.

வீட்டுக்காரர்: தம்பி, மாடிக்குச் செங்கல் ஏறுதுன்னு கேள்விப்பட்டேன். ரூம் எடுக்கிறதா இருந்தா நான்ல எடுக்கணும்?

குடித்தனக்காரர்: ரூம் இல்ல அங்கிள், உலை. கத்திக்குத் துவைச்சல் போட. இது இன்சுலேஷன் செங்கல், 1,260 டிகிரி தாங்கும். உள்ளே காடி எடுத்து காந்தல் கம்பி சுத்தியிருக்கேன். 230 வோல்ட், 3,000 வாட்ஸ், 13 ஆம்ப்ஸ். கம்பி 17.6 ஓம் வர்ற மாதிரி அளந்து வெட்டினது.

வீட்டுக்காரர்: எத்தனை கத்தி?

குடித்தனக்காரர்: ஒண்ணு. காய் நறுக்க.

வீட்டுக்காரர்: செலவு?

குடித்தனக்காரர்: நிஜமான கணக்கா, வீட்ல சொன்ன கணக்கா?

வீட்டுக்காரர்: எஸ்டேட்ல ஜாப் ஒர்க் பண்றவங்க கிலோ கணக்குல கூலி வாங்குறாங்க. உங்க கத்தி 200 கிராம் இருக்குமா? பில் அடிக்கிற பேப்பர் காசுக்குக் காணாது.

குடித்தனக்காரர்: ஒரு இடத்துல குடுத்தேன் அங்கிள். பின்னு, புஷ்ஷு எல்லாம் கிடந்த கூடையில சேத்துப் போட்டு இறக்கிட்டாங்க. வளைஞ்சு வந்துச்சு. கேட்டா, ஹார்ட்னஸ் 60 இருக்குன்னு ரிப்போர்ட்டைக் குடுத்தாங்க.

வீட்டுக்காரர்: ரிப்போர்ட் நேரா இருந்துச்சுல்ல? கம்பெனிக்கு அதான் முக்கியம். என்ன ஸ்டீலு?

குடித்தனக்காரர்: இ.என்.31. பேரிங் செய்ற ஸ்டீல். 830 டிகிரியில பத்து நிமிஷம் வெச்சு, எண்ணெயில முக்கணும். அப்புறம் 200 டிகிரியில டெம்பர் பண்ணி முறுக்கைக் குறைக்கணும்.

வீட்டுக்காரர்: சூட்டைப் பாக்க எதுக்கு மீட்டரு? காந்தத்தைக் காட்டுங்க. 770-க்கு மேல போனா இரும்பு காந்தத்தை மதிக்காது. அங்கேருந்து நிறத்தைப் பாத்து ஒரு சாயல் கூட்டி எடுத்தா முடிஞ்சது.

குடித்தனக்காரர்: இந்த உச்சி வெயில்ல எந்தச் சாயலைப் பாப்பீங்க?

வீட்டுக்காரர்: எங்க ஷெட்ல வெயிலே விழாது. இருட்டுலதான் நிறம் தெரியும்.

குடித்தனக்காரர்: ஆனா அங்கயும் மீட்டர் இருந்திருக்குமே?

வீட்டுக்காரர்: இருந்துச்சு. சார்ட் போடுற மெஷினே இருந்துச்சு. அது ஆடிட்டருக்கு ஓடும், சரக்கு என் கண்ணுக்கு ஓடும்.

குடித்தனக்காரர்: சரக்கு ரிஜெக்ட் ஆனா?

வீட்டுக்காரர்: ஸ்டீல் சப்ளை பண்ணவன் தப்பு.

(இதில் என் ஓட்டு குடித்தனக்காரருக்கு. 770 தாண்டியதைக் காந்தம் சொல்லும். 830-இல் நிற்கிறதா, 900-க்கு ஓடிவிட்டதா என்று சொல்லாது. சூடு மிஞ்சினால் எஃகின் உள்மணிகள் பெருத்து, விளிம்பு பல் பல்லாக உதிரும். இ.என்.31-இல் குரோமியமும் உண்டு. கார்பன் கரைவதற்கு அது கொஞ்சம் அவகாசம் கேட்கும். பத்து நிமிடம் ஒரே சூட்டைப் பிடித்து வைக்க எந்தக் கண்ணாலும் ஆகாது. ஆனால் அதைப் பெரியவரிடம் போய் யார் சொல்வது?)

குடித்தனக்காரர்: சும்மா பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க அங்கிள். இது நம்ம ரத்தத்துல இருக்கு. நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டினப்போ உலையும் மூசையும் கிடைச்சிருக்கு. வூட்ஸ் எஃகு நம்மது! அந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்க லண்டன்ல மைக்கேல் ஃபாரடே ஒரு கத்தி வியாபாரியோட சேந்து மண்டையைப் போட்டு உடைச்சிருக்கார். பிளாட்டினம், வெள்ளியெல்லாம் கலந்து பாத்து 1820-லயும் 1822-லயும் கட்டுரை எழுதியிருக்கார்.

வீட்டுக்காரர்: யாரு, கரன்ட்டு கண்டுபிடிச்சாரே, அவரா?

குடித்தனக்காரர்: அவரேதான். கொல்லர் வீட்டுப் பிள்ளை.

வீட்டுக்காரர்: அவர் வீட்டு ஓனர் என்ன சொன்னாராம்?

குடித்தனக்காரர்: அங்கிள், நான் சொல்ல வந்தது பாரம்பரியம்...

வீட்டுக்காரர்: இருக்கட்டும் தம்பி. கொடுமணல்ல எம்.சி.பி. ட்ரிப் ஆனா பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் நிக்காது. இங்க நிக்கும். தீ, கரன்ட்டு ரெண்டும் ஒரே பெட்டியில இருந்தா எனக்குப் பயம்.

குடித்தனக்காரர்: நீங்களா பயப்படுறீங்க? சயனைடு உப்பை உருக்கி, அந்தத் தொட்டி ஓரமா நின்னவர்னு சொல்லியிருக்கீங்களே. ஈரத்தோட ஒரு பீஸ் உள்ளே விழுந்தாலே உப்பு வெடிச்சுச் சிதறுமாமே?

வீட்டுக்காரர்: அது என் உசுரு தம்பி. இது என் சொந்த வீடு.

(சொல்லிவிட்டுப் பெரியவர் குனிந்து வயரிங்கைப் பார்க்கிறார். இனி அவர் குரல் வேறு.)

வீட்டுக்காரர்: கரன்ட்டை விட்டு நிறுத்த எஸ்.எஸ்.ஆர். ஒண்ணு மட்டும்தான் போட்டிருக்கா?

குடித்தனக்காரர்: 40 ஆம்ப்ஸ், அங்கிள். ஹீட் சிங்க்கோட.

வீட்டுக்காரர்: 40 இருந்தா என்ன? அது செத்தா பெரும்பாலும் ஆன்லயேதான் சாகும். உங்க பி.ஐ.டி. கன்ட்ரோலர் நிறுத்து நிறுத்துன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், கம்பி பாட்டுக்குக் காஞ்சுக்கிட்டே இருக்கும். முன்னால ஒரு கான்டாக்டர் போட்டு, அதுக்குத் தனியா ஒரு அலாரம் குடுங்க. கதவுக்கு லிமிட் சுவிட்ச் எங்க?

குடித்தனக்காரர்: கதவைத் திறக்கும்போது நானே ஆஃப் பண்ணிருவேன்.

வீட்டுக்காரர்: பண்ணுவீங்க. மறக்குற அன்னிக்கு இடுக்கி கம்பியில பட்டு உங்களுக்கே துவைச்சல் ஆயிடும். கதவு திறந்தா கரன்ட் தானா போகணும். பெட்டிக்கு எர்த் அடிங்க. எண்ணெய் டின்னுக்கு மூடி எங்க? பத்திக்கிச்சுன்னா மூடித்தான் அணைக்கணும், தண்ணி ஊத்தினா மாடியே எரியும். தெர்மோகப்பிள் நுனியைச் சுவத்தோட ஒட்டி வெச்சா செங்கல் சூட்டைத்தான் காட்டும். கத்தி கிட்ட கொண்டு வாங்க.

குடித்தனக்காரர்: அப்ப மீட்டரை நம்புறீங்க?

வீட்டுக்காரர்: மாட்டின ஆளை நம்பல. அது போகட்டும், கத்தின்னு போலீஸ் வந்தா என்ன சொல்லுவீங்க? கத்தி, அரிவாள் அடிக்கிறவங்க, வாங்குறவன் பேரு, விலாசம், எதுக்குன்னு எழுதணும், கேமரா மாட்டணும்னு 2021-ல சொன்னாங்களே.

குடித்தனக்காரர்: நான் விக்கப் போறதில்லையே. ஆயுதச் சட்ட விதி 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டினாத்தான் பேசும். வீட்டு வேலைக்கு, விவசாயத்துக்குன்னா அதுலயும் விலக்கு. என்னுது 8 அங்குலம்.

வீட்டுக்காரர்: அளந்துதான் வெச்சிருக்கீங்க. சரி, ரெண்டு மணி நேரம் ஓடினா எவ்வளவு இழுக்கும்?

குடித்தனக்காரர்: அதிகபட்சம் 6 யூனிட்.

வீட்டுக்காரர்: உங்க சப்மீட்டர்ல யூனிட்டுக்கு எட்டு ரூபா வாங்குறது வீட்டு உபயோகத்துக்கு. இது ஃபேக்டரி. ரேட்டு வேற.

குடித்தனக்காரர்: கத்தி வீட்டு வேலைக்குத்தானே, அங்கிள்?

வீட்டுக்காரர்: கத்தி வீட்டு வேலைக்கு. உலை?

குடித்தனக்காரர்: அப்ப விவசாயத்துக்குன்னு வெச்சுக்குங்க. தமிழ்நாட்டுல விவசாயத்துக்குக் கரன்ட் இலவசம்.

வீட்டுக்காரர்: மொட்டை மாடியில என்ன விவசாயம்?

குடித்தனக்காரர்: கறிவேப்பிலைத் தொட்டி இருக்கே.

வீட்டுக்காரர்: அது என்னுது.