பதினொரு பாட்டில் பத்துப் படைப்பு: டிரான்ஸ் மிக்ஸ் ஆல்பங்களின் புணர்ச்சி இலக்கணம்

பால் ஓக்கன்ஃபோல்ட் என்ற பிரிட்டிஷ் டிஜே 1998இல் வெளியிட்ட 'டிரான்ஸ்போர்ட்' ஆல்பத்தில் மொத்தம் பதினொரு பாட்டுகள். அதில் 'கிரீஸ் 2000' நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. 'கஃபே டெல் மார்' ஜெர்மானியர்களுடையது. அதுவும் 1993லேயே வெளிவந்து, பலர் கை பட்டு, புதுப்புது வடிவம் எடுத்து ஓய்ந்திருந்த பாட்டு. ஊரார் பாட்டுகளை வரிசையாக அடுக்கியவரின் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கிறது. பாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கின்றன. இதை அநியாயம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆய்வாளன் அப்படிப் போக முடியாது. ஓக்கன்ஃபோல்ட் எதைச் செய்தார் என்று கேட்டாக வேண்டும். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு பிசிறு தெரியாமல் சேர்த்தார் என்பதே பதில். பதினொரு பாட்டுக்கு நடுவில் பத்துச் சேர்க்கைகள். ஆகவே அந்த ஆல்பத்தில் உள்ள படைப்புகள் பத்து. பதினொன்று என்பது பின்னட்டை அச்சிட்டவரின் கணக்கு. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

இந்தச் சேர்க்கைக்கு ஆங்கில உலகத்தில் சரியான இலக்கணம் இல்லை. நம்மிடம் தயாராக இருக்கிறது: புணர்ச்சி. (சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கவும்.) நிலைமொழி நிற்கும், வருமொழி வரும்; நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில் ஏதாவது தோன்றும், திரியும், கெடும், அல்லது ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிலைமொழி என்றும், டிஜேயின் ஹெட்போனில் காத்திருக்கும் பாட்டை வருமொழி என்றும் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்து விழுகிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஆல்பத்தில், சேர்க்கை ஒவ்வொன்றும் சுமார் ஒரு நிமிடம் என்றால் மொத்தம் பத்து நிமிடம்தானே, பத்து நிமிடத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று முதலிலேயே ஒருவர் எழுந்து நிற்கக்கூடும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் இயல்கள் ஒன்பது. அவற்றில் புணரியல் தொடங்கிக் குற்றியலுகரப் புணரியல் வரை ஆறு இயல்கள் புணர்ச்சிக்கே போய்விடுகின்றன. பேச்சில் விகாரப்படும் எழுத்துகள் நூற்றுக்கு எத்தனை என்று தொல்காப்பியர் கணக்குப் பார்த்து இடம் ஒதுக்கவில்லை.

முதல் சான்று சிடி பிளேயரின் சிறு கண்ணாடியில் இருக்கிறது. பாட்டு ஓடும்போது அதில் 6 என்ற எண் தெரிகிறது. பின் 7 ஆகிறது. காதில் எந்த மாற்றமும் இல்லை. ஏழாவது பாட்டின் தாளம் அரை நிமிடம் முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறாவது பாட்டின் நீண்ட ஸ்வரம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. டிரான்ஸ் என்ற இந்த நடன இசை வகைப் பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 130 முதல் 140 அடிகள் ஓடுபவை. 138 அடி என்று கொண்டால், நாலு அடி கொண்ட ஒரு ஆவர்த்தம் 1.74 நொடி, முப்பத்திரண்டு ஆவர்த்தம் நீளும் ஒரு சேர்க்கை ஏறத்தாழ 56 நொடி. அந்த 56 நொடியும் ஆறுக்கும் சொந்தம், ஏழுக்கும் சொந்தம். எண்ணை எங்கே மாற்றுவது என்பது ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பொத்தானை எங்கே அழுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. இரண்டு வயலுக்கு நடுவில் சர்வேயர் நட்ட கல் அது. தண்ணீர் அந்தக் கல்லைக் கேட்டுப் பாய்வதில்லை.

இனி விகாரங்கள். இயல்பு புணர்ச்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே வேகம், ஒரே சுருதி உள்ள இரண்டு பாட்டு கிடைத்தால் அப்படியே வைத்துவிடலாம், அபூர்வம். திரிதல்தான் அன்றாடம். 'பொன்' குடத்தோடு சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல, 136 அடிப் பாட்டு 138 அடிப் பாட்டோடு சேர்வதற்காகத் தன் வேகத்தை மாற்றிக்கொள்கிறது. அந்தக் காலத்து டிஜேக்களின் மேசையில் தவறாமல் இருந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேடையில் இதற்கென்றே வலது ஓரத்தில் ஒரு நகர்த்தி உண்டு. மேலும் கீழுமாக 8 சதவீதம் வரை வேகத்தை மாற்றலாம். ஆனால் இசைத்தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதியும் கூடவே ஏறும். ஏறக்குறைய 6 சதவீதத்தில் ஒரு அரைஸ்வரம் ஏறிவிடும். வேகத்தைச் சரிக்கட்டப் போய் சுருதி பிசகுவது இந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி. சுருதி ஒத்துவராத இரண்டு பாட்டுக்கு நடுவில் தாளமில்லாத ஒரு மிதப்பான ஒலியைக் கொஞ்ச நேரம் பரப்பிவிடுகிறார்களே, அது உடம்படுமெய். இரண்டு உயிர் நேராக மோதாமல் ய், வ் வந்து நடுவில் நிற்பதுபோல.

நின்று பார்க்கவேண்டியது கெடுதல். மரம், வேர் இரண்டும் சேரும்போது மகரமெய் கெட்டு மரவேர் ஆகிறது. அந்த 'ம்' எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை. டிரான்ஸ் பாட்டின் அடியில் இரண்டு சங்கதி ஓடுகின்றன: நெஞ்சில் இடிக்கும் கிக் டிரம், அதன் இடுக்குகளில் உருளும் பேஸ். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டும் கேட்காது. கலங்கிய சேறுதான் கேட்கும். ஆகவே டிஜே வருமொழியை பேஸ் இல்லாமல்தான் உள்ளே விடுகிறார். மிக்ஸரில் அந்தப் பாட்டுக்குரிய 'லோ' குமிழ் இடது பக்கம் முழுக்கத் திருகப்பட்டிருக்கும். தட்டின் ஓசை வருகிறது, கைதட்டல் ஓசை வருகிறது, மெல்லிசாக ஒரு மெட்டும் வருகிறது. அடித்தளம் மட்டும் இன்னும் பழைய பாட்டினுடையது. பதினாறு ஆவர்த்தம் ஆனதும், புதுச் சுற்றின் முதல் அடி விழும் அதே கணத்தில், ஒரு கை பழைய குமிழை இடப்பக்கம் திருகுகிறது, இன்னொரு கை புதுக் குமிழை நடுவுக்குக் கொண்டுவருகிறது. மேலே வீடு அப்படியே நிற்க, கீழே அஸ்திவாரம் மாறிவிட்டது. ஆடுகிறவர்கள் கால் மாற்றவில்லை. பாட்டைச் செய்தவர் யாரும் இந்தக் கணத்தை எழுதவில்லை. இரண்டு பாட்டுகளையும் தனித்தனியாக வாங்கி வைத்திருப்பவர் வீட்டில் இது இல்லை.

எதிர்வாதிகளில் வலுவானவர் இப்படிக் கேட்பார்: "ஜனங்கள் முணுமுணுப்பது 'கஃபே டெல் மார்' மெட்டைத்தானே, சேர்க்கையை எவன் முணுமுணுக்கிறான்?" ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பாட்டுகளை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நடனக்கூடத்துக்கென்று இசைத்தட்டில் வந்த டிரான்ஸ் பாட்டு ஏழெட்டு நிமிடம் ஓடும். முதல் நிமிடத்தில் வெறும் தாளம். கடைசி நிமிடத்திலும் வெறும் தாளம். தனியாகக் கேட்பவருக்கு இவை இரண்டும் வீண்; வானொலிக்கு மூன்றரை நிமிடமாக வெட்டும்போது முதலில் போவது இவைதான். இருந்தும் பாடுபட்டு அவற்றை வைத்திருக்கிறார்கள். தலையும் வாலும் இன்னொரு பாட்டோடு பிணைவதற்காகவே விடப்பட்டவை, தையற்காரர் உள்ளே மடித்து விடும் துணி மாதிரி. தன் பாட்டு முழுப் படைப்பு அல்ல, இன்னொருவர் கையில் போய்ச் சேரவேண்டிய நிலைமொழி என்று அதைச் செய்தவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கும்போது, நாம் ஏன் அவருக்காக வாதாடவேண்டும்?

நல்ல சேர்க்கை காதுக்கே தெரியாது, தெரியாத ஒன்றை எப்படிப் படைப்பு என்பது என்பது அடுத்த ஆட்சேபம். 'வாழைப்பழம்' என்று சொல்லும்போது நடுவில் ஒரு ப் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. 'வாழை பழம்' என்று அச்சாகி வந்தால்தான் பிழைதிருத்துபவருக்கு வயிற்றைக் கலக்கும். இதை ஒரு சோதனையாகவே நடத்திக்காட்டியது எம்பி3. அந்த வடிவம் ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக நறுக்குகிறது. ஒரு பாட்டு கட்டத்தின் நடுவில் முடிந்தால் மீதியை மௌனத்தால் நிரப்புகிறது; தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. மிக்ஸ் ஆல்பத்தைப் பாட்டு பாட்டாக எம்பி3 ஆக்கியவர்கள் பலரும் அந்தச் சர்வே கல் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தைக் கேட்டார்கள். நொடியில் ஒரு துளிதான். ஆனால் 138 அடி வேகத்தில் ஒரு அடிக்கு நேரமே 0.43 நொடி, துளி விக்கலும் கால் தடுக்க வைக்கும். விழுந்த பல்லின் இடத்துக்கே நாக்கு போவதுபோல, அதுவரை சேர்க்கை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கேட்டவர்களின் காது, பள்ளத்துக்கே போயிற்று. ஐபாடும் ஐட்யூன்ஸும் இடைவெளியில்லாமல் பாடக் கற்றுக்கொண்டது 2006இல்தான். பதினொரு பாட்டுகளில் ஒரு ஸ்வரம்கூடக் குறையாமல் இருந்தும் ஆல்பம் கெட்டுப்போனது என்றால், கெட்டது எது?

இப்போதெல்லாம் வேகத்தைக் கணினியே சரிசெய்துவிடுகிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இதில் டிஜேக்கு என்ன பெருமை என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சந்திப்பிழை திருத்தும் மென்பொருளும் வந்துவிட்டது. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் என்பதை அது சொல்லித் தருவதில்லை.

ஆய்வு நேர்மை கருதி, இந்தக் கொள்கைக்கு அடங்காத ஒரு சேர்க்கையையும் குறிப்பிடவேண்டும். சாஷாவும் ஜான் டிக்வீடும் 1996இல் வெளியிட்ட 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' இரண்டு தட்டுகள் கொண்டது. ஒன்று வடக்கு, மற்றது தெற்கு. வடக்கின் கடைசிப் பாட்டுக்கும் தெற்கின் முதல் பாட்டுக்கும் நடுவில் என்ன ஒலிக்கவேண்டும் என்று இருவரும் தீர்மானிக்கவில்லை. அங்கே இருப்பது நாற்காலி பின்னால் நகரும் சத்தம், பிளேயரின் தட்டு வெளியே வரும் மெல்லிய மோட்டார் இரைச்சல், பிளாஸ்டிக் பெட்டியின் பல்லிலிருந்து சிடி 'டக்'கென்று விடுபடுவது, தட்டு உள்ளே போனபின் சில நொடி சுழற்சி. தோன்றல் விகாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. ஆகவே விதியில் சேர்க்காமல் புறனடையில் வைத்திருக்கிறோம்.