கொழுப்பு மாத்திரையும் கூட்டாளிகளும்

கேள்வி: கொழுப்பு மாத்திரை மதுரை டாக்டர் எழுதியது. பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் வீட்டுக்கே வருகிறது. படர்தாமரைக்கு கல்லுப்பட்டி மெடிக்கலில் கேட்டு வாங்கினேன். மூன்றும் மருந்துதானே, சேர்ந்தால் என்ன?

பதில்: கொடுத்தவர்கள் மூன்று பேர், உங்கள் கல்லீரல் ஒன்றுதான். கொழுப்பு மாத்திரைகளான அட்டார்வாஸ்டாட்டினையும் சிம்வாஸ்டாட்டினையும் சிதைத்து வெளியேற்ற அங்கே ஒரு நொதி இருக்கிறது. படர்தாமரைக்குத் தரும் இட்ராகொனசோல் அதன் கையைக் கட்டிவிடும். தொண்டை வலிக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் அப்படித்தான். அப்போது விழுங்குவது ஒரு மாத்திரை, ரத்தத்தில் ஏறுவது பல மாத்திரை. தசை சிதையலாம், அந்தச் சிதைவு சிறுநீரகத்தைப் பாழாக்கலாம். பிரஷருக்கு அம்லோடிபின் போடுகிறவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எதை மாற்றுவது, எதைச் சில நாள் நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: சும்மா பயமுறுத்துகிறீர்களா? யாருக்காவது நடந்திருக்கிறதா?

பதில்: நடந்திருக்கிறது. செரிவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மருந்தை 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் அதுவரை தசைச் சிதைவால் பதிவான மரணங்கள் 31. அதில் 12 பேர் ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். இன்று நம் கையில் இருப்பவை அதைவிடப் பாதுகாப்பானவை. இவ்வளவு மோசமான சிதைவு அரிது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாரடைப்பு அரிதல்ல.

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து ‘சிவப்பு ஈஸ்ட் அரிசி’ கேப்சூல் அனுப்பியிருக்கிறான். நம்ம சிவப்பரிசிதானே?

பதில்: இல்லவே இல்லை. உங்கள் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தில் வாழ்ந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா பரிந்து பேசிய கைக்குத்தல் அரிசி போல, நம்ம சிவப்பரிசியும் உணவு. இந்தக் கேப்சூல், அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து எடுப்பது. அதிலுள்ள மொனகோலின் கே வேறு யாருமல்ல, 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின். இயற்கை என்ற பெயரில் இரண்டாவது கொழுப்பு மாத்திரை போடுவீர்கள், அளவும் தெரியாமல்.

கேள்வி: பூண்டு மாத்திரை?

பதில்: குழம்பில் தாராளமாகப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ எடுப்பவர் பூண்டைக் கேப்சூலாக விழுங்கினால் ரத்தக்கசிவு கூடலாம்.

கேள்வி: ரோசுவாஸ்டாட்டின் போட்டதும் நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிக்கலாமா?

பதில்: இரண்டு மணி நேரம் பொறுங்கள். உடனே குடித்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது.

கேள்வி: பருத்திக் காட்டில் வேலை. கால் வலிப்பது வேலையாலா, மாத்திரையாலா?

பதில்: வேலை வலி ஓய்வெடுத்தால் இறங்கும். வேலை இல்லாத நாளிலும் இரண்டு தொடையும் தோளும் வலித்தால் டாக்டரைப் பாருங்கள். எழுந்திருக்கவே பலமில்லாமல், சிறுநீர் கருங்காபி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது மாத்திரை, லேகியம், சூரணம், சத்து மாவு டப்பா எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் எடுத்துப் போங்கள். சித்த மருத்துவரிடம் போனாலும் அதே பைதான். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பெயரும் அளவும் அட்டையில்தான் இருக்கின்றன.