அடைத்துவைத்த வெந்நீர்

டெல்லி கரோல் பாக்கில் ஜனவரிக் குளிர் எலும்பைத் தொடும். அஜ்மல் கான் சாலையில் ஸ்வெட்டருக்குப் பேரம் பேசிய கையோடு மலிவு கேஸ் கீசருக்கும் பேசி முடிப்போம். அதை ஆளுயரக் குளியலறைக்குள்ளேயே மாட்டி, குளிர் நுழையாதிருக்க வென்டிலேட்டரில் பழைய பேப்பரைத் திணித்து டேப்பும் ஒட்டுவோம்.

எல்.பி.ஜி. கசிந்தால் நாறும், அதற்கென்றே மெர்காப்டன் கலக்கிறார்கள். காற்றில்லாமல் அரைகுறையாக எரிகையில் வரும் கார்பன் மோனாக்சைடோ பரம சாது. நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கிப் பிடிக்கும். வீட்டுக்காரர்கூட அட்வான்ஸை அப்படிப் பிடிப்பதில்லை. அதனால் தலை சுற்றினால் நாம் பித்தம் என்று இஞ்சிச் சாறு குடிப்போம்.

கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். அதுவரை சமையலறை ஜன்னலைத் திறந்து அடுப்பில் வெந்நீர் வைத்து, பக்கெட்டில் விளாவிக் குளியுங்கள்.